யாருக்குத் தேவையற்றது? – கணனியின் பின்னணிப் பணிகளை நிறுத்துவது பற்றி

ஒரு மாரிகால ஞாயிறு இரவு நியூ ஜேர்சியில் எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணை, கொம்பியூட்டரிலை தமிழ் வருகுதில்லை. நேற்று மட்டும் வந்தது. இண்டைக்கு எதை அடிச்சாலும் இங்கிலீஸ் எழுத்துத்தான் விழுகுது."

அவர் தஞ்சம் கோரி விண்ணப்பிப்பதற்காகத் தன் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர். அமெரிக்கச் சட்டப்படி நாட்டுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் தஞ்ச விண்ணப்பம் செய்யப்பட வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டெனினும் அவற்றை நம்பிக் காத்திருக்க எவரும் துணிவதில்லை. அவருக்கு மிச்சமிருந்தவை பன்னிரண்டு நாட்கள். தமிழில் எழுதியதை இன்னொருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்ப்புச் சரியானதென ஒப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். அவர் இருப்பது ஹூஸ்ரனில். கையால் எழுதியிருக்கலாம்தான்; ஆனால் ஏற்கெனவே எழுதிய முப்பது பக்கங்களில் திகதிகளைச் சரிபார்த்து, விடுபட்டவற்றை இடையிடையே சேர்த்து, உடனுக்குடன் அனுப்பவேண்டிய வேலை அது.

விசாரித்தபோது விடயம் தெரியவந்தது. மடிக்கணனி பழையது, மெதுவாக இயங்குகிறதென்று அவருடைய பதினாறு வயதுப் பெறாமகன் முதல்நாள் அதைத் 'துப்பரவு' செய்திருந்தான். இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலைப் பார்த்து, அதில் 'தேவையற்றவை' எனக் குறிக்கப்பட்டிருந்த பின்னணிப் பணிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்தான். அவற்றுள் ஒன்றின் பக்கத்தில், 'ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளில் எழுதாதவர்களுக்கு இது தேவையில்லை' என்ற கருத்தில் ஒரு சிறு வரியும் இருந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே எழுதும் அவன் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டான். அவனுக்கு அது தேவையற்றதுதான். பெரியப்பாவுக்கு?

எந்தப் பணியை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்ற கேள்வி எம்மவர் வீடுகளிலும் சங்கங்களிலும் அடிக்கடி எழுவது. இதற்கு ஒரு பட்டியலைக் கேட்பவர்களே அதிகம். பட்டியலைவிட அதை வாசிக்கும் முறையே முக்கியம் என்பதால் அதைப்பற்றி இங்கு எழுதுகிறேன். விண்டோஸ் கணனிகளையே உதாரணமாகக் கொள்கிறேன். எம்மவரில் பலரிடம் இருப்பது அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

நாம் திறந்து பாவிக்கும் செயலிகளுக்கு அப்பால், நாம் அழைக்காமலே தொடங்கி, திரையில் முகம் காட்டாமலே வேலை செய்யும் செயலிகள் ஒவ்வொரு கணனியிலும் உண்டு. அச்சுப்பொறிக்குப் போகும் தாள்களை வரிசையில் நிறுத்துவது ஒன்று. வலையமைப்பில் முகவரி பெற்றுத் தருவது ஒன்று. நேரத்தைச் சரிசெய்வது இன்னொன்று. இவற்றுக்கு முதலில் வைக்கப்பட்ட பெயர் 'டேமன்'. 1963இல் எம்.ஐ.ரி.யில் தொடங்கிய 'புரொஜெக்ற் மாக்' என்ற திட்டத்தில் பேர்னாண்டோ கோர்பற்றோவின் குழுவினர் இப்பெயரைப் பாவிக்கத் தொடங்கினர். பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் கற்பனை செய்த, மறைந்திருந்து மூலக்கூறுகளைத் தரம்பிரிக்கும் குட்டிப் பூதத்திலிருந்து அது வந்தது. 1969இல் நியூ ஜேர்சியின் மறே ஹில்லில், பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமை இந்தப் பூதங்களை உலகெங்கும் கொண்டு சென்றது. விண்டோஸ் இவற்றுக்கு 'சேர்விஸ்' என்று பெயர் வைத்தது. நாம் 'பணி' என்று சொல்வோம்.

பணிகளை நிறுத்தவேண்டும் என்ற ஆசை விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் வலுப்பெற்றது. 2001இல் வெளிவந்த எக்ஸ்.பி.க்கு மைக்ரோசொப்ற் கூறிய ஆகக் குறைந்த நினைவகம் 64 மெகாபைற். அத்தகைய கணனியில் நாலைந்து பணிகளை நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று சாதாரண மடிக்கணனியிலும் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் நினைவகம் உண்டு. தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பணி சில மெகாபைற்றுகளைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர, கணனியின் வேகத்தைத் தின்பதில்லை. ஆனால் எக்ஸ்.பி. காலத்துப் பட்டியல்கள் பெயர் மாறி, திகதி மாறி இன்றும் உலாவுகின்றன.

இன்னொரு மயக்கமும் உண்டு. பணிகளின் இடாப்பைத் திறந்தால் 'எஸ்.வி.சி.ஹோஸ்ற்' என்ற பெயர் ஐம்பது அறுபது தடவை வரும். பலர் இதைப் பார்த்து வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். முன்பு பல பணிகள் ஒரே ஹோஸ்ற்றின் கீழ் ஒன்றாகக் குடியிருந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் புதுப்பிப்பு, 3.5 கிகாபைற்றுக்கு மேல் நினைவகமுள்ள கணனிகளில் அவற்றைப் பெரும்பாலும் தனித்தனிக் குடித்தனமாக்கியது. ஒன்று விழுந்தால் மற்றதை இழுத்து விழுத்தாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எண்ணிக்கை கூடியதால் மட்டும் சுமை கூடிவிட்டதாகக் கொள்ளக்கூடாது.

மூடவேண்டிய கதவுகள்

இதை வைத்து எதையும் தொடவேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக்கூடாது. பணிகளை நிறுத்துவதற்கு வேகத்தைவிடப் பெறுமதியான காரணம் ஒன்று உண்டு: பாதுகாப்பு. வெளியிலிருந்து வருபவருக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு பணியும் வீட்டுக்கு ஒரு கதவு.

கலிபோர்ணியாவின் ஸ்ரான்போர்ட்டில் 1971இல் லெஸ் ஏர்ணஸ்ற் 'பிங்கர்' என்றொரு சிறு செயலியை எழுதினார். கணனியில் இப்போது யார் இருக்கிறார், எப்போது வந்தார் என்பதைச் சொல்வது அதன் வேலை. சக ஊழியரைத் தேடுவதற்கு உதவியாக இருந்தது. பின்னாளில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸில் இதற்கெனப் பின்னணிப் பணியொன்று எந்நேரமும் வெளியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 1988 நவம்பர் 2 அன்று கோர்ணெல் மாணவர் றொபேர்ட் மொறிஸ் விட்ட 'புழு' நுழைந்த வழிகளில் ஒன்று அந்தப் பணியிலிருந்த ஓட்டை. சுமார் 6,000 கணனிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அதன்பின் பல நிறுவனங்கள் பிங்கரை மூடிவிட்டன. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது நல்லதல்ல என்பதை எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

விண்டோஸில் 'மெசெஞ்சர்' என்றொரு பணி இருந்தது. அலுவலக வலையமைப்பில் நிர்வாகி எல்லோருக்கும் அறிவித்தல் அனுப்புவதற்கானது. வீட்டுப் பாவனையாளருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. 2002, 2003 காலப்பகுதியில் விளம்பரக்காரர்கள் அதன் வழியாக வீட்டுத் திரைகளில் பெட்டி பெட்டியாக விளம்பரம் கொட்டினார்கள். 2003 ஒக்ரோபரில் அப்பணியில் பாரதூரமான ஓட்டை இருப்பதாக மைக்ரோசொப்ற்றே அறிவித்தது. 2004இல் வந்த எக்ஸ்.பி.யின் இரண்டாவது சேர்விஸ் பக் அதை நிறுத்திவைத்தது. நியாயமான முடிவு, நிறுத்தியதால் வீடுகளில் அழுதவர் எவருமில்லை.

இன்னும் அண்மையில், 2021 யூன் இறுதியில் அச்சுப் பணியில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. 'பிரிண்ட்நைற்மெயர்' என்று பெயர் வைத்தார்கள். அச்சிடும் தேவையில்லாத கணனிகளிலும், வலையமைப்பின் தலைமைக் கணனிகளிலும் அப்பணியை நிறுத்திவிடும்படி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான சீசா அப்போது ஆலோசனை கூறியது. 'அச்சிடும் தேவையில்லாத' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

மூட முடியாத கதவு

மெசெஞ்சர் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த அதே 2003இன் ஓகஸ்ற்றில் 'பிளாஸ்ரர்' என்ற புழு பரவியது. அது நுழைந்தது 'ஆர்.பி.சி.' எனப்படும் தொலைநடைமுறை அழைப்புப் பணியிலிருந்த ஓட்டை வழியாக. கணனி அறுபது விநாடிகளில் மூடப்படப் போவதாக ஒரு பெட்டி தோன்றி, எண்ணி எண்ணி அணையும். பலர் முதலில் யோசித்தது அந்தப் பணியையே நிறுத்திவிடுவதைத்தான். நிறுத்தியவர்களின் கணனி பாவிக்க முடியாத நிலைக்குப் போனது. ஏனெனில் விண்டோஸின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசுவதே ஆர்.பி.சி. வழியாகத்தான். அதை நிறுத்துவதென்பது வீட்டிலுள்ள எல்லோருடைய வாயையும் கட்டிவிடுவது போன்றது. அதற்கு மருந்து ஓட்டையை அடைக்கும் திருத்தமும், வெளியாரைத் தடுக்கும் தீச்சுவரும்தான்.

இரண்டு பணிகள், இரண்டிலும் ஓட்டை, ஒரே வருடம். ஒன்றை மூடியது சரி. மற்றதை மூடியது பெரும் பிழை. ஆபத்தானதா என்ற கேள்வி மட்டும் இதைத் தீர்த்துவைக்காது. அதன்மேல் சாய்ந்து நிற்பவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் முடிவு தெளிவாகிறது.

தமிழ் எதன்மேல் நிற்கிறது?

இனி அந்த மடிக்கணனிக்கு வருவோம். அதில் நிறுத்தப்பட்டிருந்தது 'சி.ரி.எஃப்.மொன்' என்ற செயலி. விசைப்பலகையில் நாம் தட்டுவதற்கும் செயலிக்குள் எழுத்து விழுவதற்கும் இடையில் நின்று, எந்த மொழி, எந்த உள்ளீட்டு முறை என்பதைக் கவனிப்பது அதன் பொறுப்பு. எக்ஸ்.பி. காலத்திலிருந்தே 'நிறுத்தலாம்' பட்டியல்களில் முன்னணியில் நிற்பதும் இதுதான்.

தமிழ் எப்போதும் இதில் தங்கியிருக்கவில்லை. தொண்ணூறுகளில் எமது சஞ்சிகைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டபோது, கணனிக்குத் தமிழ் தெரியாது. நாம் 'எம்' விசையைத் தட்டினால் கணனி அதை ஆங்கில 'எம்' என்றே வைத்துக்கொள்ளும். எழுத்துரு மட்டும் அதை 'அ' என்று வரைந்து காட்டும். பின்னணியில் யாரும் வேலை செய்யத் தேவையில்லை. எழுத்துரு இல்லாத இன்னொரு கணனிக்கு அனுப்பினால் வெறும் குப்பையாகத் தெரியும் என்பதுதான் அதற்கு நாம் கொடுத்த விலை.

1991 ஜனவரியில் கலிபோர்ணியாவில் பதிவுசெய்யப்பட்ட யுனிகோட் ஒன்றியம் அவ்வருடமே வெளியிட்ட முதற் பதிப்பில் தமிழுக்கும் இடம் ஒதுக்கியது. விண்டோஸ் 2000 முதல் அக்குறியீட்டில் தமிழை எழுதவும் காட்டவும் முடிந்தது. 'அம்மா' உண்மையிலேயே 'அம்மா'வாகப் பதிவாகி எங்கும் அப்படியே போய்ச்சேரும் நிலை வந்தது. ஆனால் உச்சரிப்புப்படி ஆங்கில விசைகளைத் தட்டித் தமிழ் பெறுவதற்கு யாரோ ஒருவர் இடையில் நின்று மாற்றித்தர வேண்டும். எம்மவர் பாவித்த இ-கலப்பை, என்.எச்.எம். றைற்றர், கீமேன் எல்லாம் பின்னணியில் ஓடுபவையே. 2019 மே மாதப் புதுப்பிப்பில் விண்டோஸ் 10 தானாகவே தந்த தமிழ் ஒலிப்புமுறை விசைப்பலகையும் இந்த இடைப்பணியில் தங்கியதே. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு விசையும் எழுத்தும் ஒன்றே என்பதால் இடையில் நிற்பவரின் அருமை தெரிவதில்லை. நாம் அவரின்றி ஒரு சொல்லும் எழுதமுடியாது. உண்மையில் விண்டோஸ் 10இலும் அதற்குப் பின்னரும் ஆங்கிலக்காரரும் தப்புவதில்லை: அப்பணி நின்றால் தேடற் பெட்டியில் ஆங்கிலமும் தட்டமுடியாமல் போவதுண்டு. பழைய பட்டியல்கள் இதை அறியா.

நான் தொலைபேசியிலேயே வழிசொன்னேன். பணிகளின் நேரசூசியில் அச்செயலியைத் தொடக்கிவைக்கும் பதிவு முடக்கப்பட்டிருந்தது. அதை மீளச் செயற்படுத்தி, கணனியை அணைத்துப் போட்டதும் தமிழ் வந்தது. பிறகு எழுதியதைப் பீ.டி.எஃப். ஆக்கி அனுப்ப முயன்றார். முடியவில்லை. வீட்டில் பிறின்ரர் இல்லை என்பதால் பெறாமகன் அச்சுப் பணியையும் நிறுத்தியிருந்தான். விண்டோஸின் 'பீ.டி.எஃப். ஆக அச்சிடு' என்பதும் அதே பணியின் வழியாகவே போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. மேலே சொன்ன 'அச்சிடும் தேவையில்லாத' என்ற நிபந்தனை இங்குதான் வழுக்குகிறது. தேவை என்னவென்று எமக்கே முழுதாகத் தெரிவதில்லை.

இடாப்பில் இல்லாத சார்பு

விண்டோஸின் சேர்விஸ் பட்டியலில் ஒரு பணியைத் திறந்தால் 'டிப்பென்டன்சிஸ்' என்ற பக்கம் இருக்கும். மேற்பெட்டியில் இப்பணி எவற்றில் தங்கியுள்ளது என்பதும், கீழ்ப்பெட்டியில் எவை இப்பணியில் தங்கியுள்ளன என்பதும் தரப்பட்டிருக்கும். கீழ்ப்பெட்டி நிறைந்திருந்தால் தொடவேண்டாம். அது வெறுமையாக இருந்தால் பயமில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். பதிவு செய்யப்பட்ட சார்புகள் மட்டுமே அங்கு தெரியும். பீ.டி.எஃப். அனுப்பக் காத்திருக்கும் மனிதர் அந்தப் பெட்டியில் இல்லை.

கணனிக்கு வெளியிலும் இதே பிழை நடந்ததுண்டு. 2021 பெப்ரவரிக் கடுங்குளிரில் ரெக்சாஸ் மாநிலத்தின் மின் வலையமைப்பு சரிந்துபோகும் நிலைக்கு வந்தபோது, பெப்ரவரி 15 அதிகாலை முதல் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும்படி உத்தரவிடப்பட்டது. உச்ச நேரத்தில் 20,000 மெகாவாற் அளவு துண்டிக்கப்பட்டது. வைத்தியசாலைகள் போன்றவை 'துண்டிக்கக்கூடாதவை' என்ற பட்டியலில் இருந்தன. ஆனால் இயற்கை வாயுவை எடுத்து அனுப்பும் நிலையங்கள் பல அப்பட்டியலில் பதிவாகியிருக்கவில்லை. அவற்றின் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. அந்த வாயுவில்தான் மின்நிலையங்கள் பல இயங்கின. நெருக்கடிக்கு முதற்காரணம் குளிரில் சாதனங்கள் உறைந்ததுதான் எனினும், இந்தத் துண்டிப்பும் அதை மோசமாக்கியதென மத்திய அரசின் விசாரணை கண்டது. அக்குளிரில் 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் திணைக்களம் கணக்கிட்டது. வாயு நிலையங்களை வேண்டுமென்றே யாரும் துண்டிக்கவில்லை. அவற்றில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பது பட்டியலில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நடைமுறையில் செய்யக்கூடியவை

முதலில், மெதுவாக இருப்பதற்குக் காரணம் எதுவென்று பாருங்கள். பணிகளின் இடாப்பை நினைவகம், செயலகம், வட்டு என்ற ஒழுங்கில் வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது உலாவியில் திறந்துகிடக்கும் முப்பது பக்கங்களாக இருக்கும்.

இரண்டாவது, யாருடையதென்று பாருங்கள். ரெக்சாஸின் ஒஸ்ரின் நகரில் மார்க் றுசினோவிச்சும் பிறைஸ் கொக்ஸ்வெலும் தொண்ணூறுகளில் உருவாக்கத் தொடங்கிய 'சிஸ்இன்ரேர்ணல்ஸ்' கருவிகளை 2006இல் மைக்ரோசொப்ற் வாங்கியது. இன்றும் அவை இலவசம். அவற்றுள் 'ஓட்டோறன்ஸ்' கணனியோடு சேர்ந்து தொடங்கும் எல்லாவற்றையும் காட்டும். மைக்ரோசொப்ற்றின் பதிவுகளை மறைக்கும்படி அதில் சொல்லலாம். மிஞ்சுபவை பிறின்ரர்க் கொம்பனி உதவியாளர்கள், விளையாட்டுச் செயலிகள், எப்போதோ நிறுவி மறந்தவற்றின் புதுப்பிப்பாளர்கள். முதலில் இவற்றில் கைவையுங்கள். ஆனால் கீமேன் போன்ற தமிழ்க் கருவிகளும் இதே கூட்டத்தில்தான் நிற்கும் என்பதை மறக்கவேண்டாம்.

மூன்றாவது, நிறுத்துவதிலும் படிகள் உண்டு. 'டிஸேபிள்ட்' என்று போட்டால் யார் அழைத்தாலும் அப்பணி எழும்பாது. 'மனுவல்' என்று போட்டால் தானாகத் தொடங்காது, தேவைப்பட்டு அழைத்தால் வரும். சந்தேகமுள்ள இடத்தில் இரண்டாவதே போதும்.

நான்காவது, ஒருமுறைக்கு ஒன்று. முன்பு எந்த நிலையில் இருந்தது என்பதைக் கொப்பியில் எழுதிவைத்து, ஒரு கிழமை பாவித்துப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். நாற்பதை ஒரேநாளில் நிறுத்தினால் எதனால் எது நின்றதென்று எவராலும் சொல்லமுடியாது. அவற்றைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் போயின.

ஐந்தாவது, சிலவற்றைத் தொடவே வேண்டாம்: ஆர்.பி.சி., விண்டோஸ் புதுப்பிப்பு, தீச்சுவர், டிபென்டர், கிரிப்ரோகிராபிக் சேர்விஸ், நிகழ்வுப் பதிவேடு, பாவனையாளர் விபரப் பணி. தீச்சுவர்ப் பணியை நிறுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ற்றே கூறுகிறது. மறுபக்கம், பக்ஸ் அனுப்பாதவர் பக்ஸ் பணியையும், எக்ஸ்பொக்ஸ் விளையாடாதவர் அதன் பணிகளையும் அச்சமின்றி நிறுத்தலாம். தொலைவிலிருந்து கணனியின் பதிவேட்டைத் திருத்தும் 'றிமோட் றெஜிஸ்ற்றி' சாதாரண விண்டோஸ் 10, 11இல் ஏற்கெனவே நிறுத்தப்பட்டே வருகிறது, இல்லையெனில் நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 10இற்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் பழைய கணனி வைத்திருப்பவர்கள் கவனத்தில் எடுக்கவேண்டும். எத்தனை பணிகளை நிறுத்தினாலும் திருத்தங்கள் வராத குறையை அது ஈடுசெய்யாது.

மைக்ரோசொப்ற் தனது சேர்வர் 2016இற்காக இப்படியொரு பட்டியலை வெளியிட்டிருக்கிறது. நிறுத்தவேண்டியவை, நிறுத்தினால் பரவாயில்லாதவை, நிறுத்தக்கூடாதவை என்பவற்றோடு இன்னொரு வகையும் அதில் உண்டு: 'வழிகாட்டல் இல்லை.' அதாவது நிறுத்தினால் என்ன நடக்குமென்று முழுதாக ஆராயப்படவில்லை, ஆகவே மாற்றவேண்டாம். செய்தவரே அப்படிச் சொல்லுமிடத்தில், முகம் தெரியாத ஒருவர் 'எல்லாவற்றையும் நிறுத்து' என்று தரும் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

வாக்குமூலம் கெடுவுக்கு நான்கு நாட்கள் முன்னதாக அனுப்பப்பட்டது. அதன் முடிவுக்கு அவர் காத்திருக்கிறார். பெறாமகனோடு நான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, அந்தப் பட்டியலை மறுபடி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். இம்முறை அவன் ஒவ்வொரு வரியிலும் "பெரியப்பா இதைப் பாவிக்கிறவரோ?" என்று அடுத்த அறையைப் பார்த்துக் கேட்டான். இருபத்தொரு பணிகளைத் திரும்ப ஓடவிட்டோம். மிச்சத்தை நிறுத்தியே வைத்திருக்கிறோம். கணனி முன்பைவிடச் சற்று வேகமாகத்தான் இருக்கிறது.

சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் பொதுக் கணனிகளைப் பராமரிப்பவர்களின் அனுபவங்கள் வேறுவிதமாக இருக்கக்கூடும். எழுதுங்கள், அடுத்த இதழில் தொடர்ந்து பேசுவோம்.